ஆக்சிஜனும் ஆளைக் கொல்லும்: தன் உடம்பையே பணயம் வைத்த ஹால்டேன்

ஸ்கூபா டைவிங் கடைகளில் சில சிலிண்டர்களில் பச்சை, மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதில் ‘நைட்ராக்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது சாதாரணக் காற்று இல்லை, ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்று. ஆக்சிஜன் எத்தனை சதவீதம், எத்தனை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்ற கணக்கும் சிலிண்டரிலேயே இருக்கும்.

உயிர் காக்கும் வாயுதானே ஆக்சிஜன்? அதுக்கு எதுக்கு இத்தனை எச்சரிக்கை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் மறக்க முடியாத ஒருவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன். மரபியலையும் பரிணாமவியலையும் கணிதத்தால் இணைத்த மூவரில் ஒருவராக உலகம் அவரை அறியும். கடலுக்கு அடியில் மனிதன் எப்படி உயிரோடு இருப்பது என்பதற்காக அவர் பட்ட பாடு அவ்வளவாகத் தெரியாது.

அப்பாவே முதல் ஆசிரியர்

ஹால்டேன் 1892 நவம்பர் 5-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, அங்கிருக்கும் விஷவாயுவைத் தானே சுவாசித்துப் பார்க்கிற மனிதர். பையனையும் கூடவே கூட்டிப்போவார். ஒருமுறை சுரங்கத்தில் நின்றபடி ஷேக்ஸ்பியர் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிறுவனுக்குத் தலை சுற்றியது. கீழே உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும் என்ற பாடத்தை அவன் அதன்பிறகு மறக்கவே இல்லை.

1906-ல் ஸ்காட்லாந்து கடலில் கடற்படைக்காக அப்பா டைவிங் சோதனைகள் நடத்தினார். 13 வயது மகனையும் டைவிங் உடை மாட்டி இறக்கிவிட்டார். பெரியவர்களுக்கான உடை, கை அளவு சரியில்லை. உள்ளே தண்ணீர் கசிந்து ஏறியது. ஆனாலும் பையன் பத்திரமாக மேலே வந்தான். ஆழத்திலிருந்து மேலே வருபவர்கள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற புகழ்பெற்ற அட்டவணையை அப்பா 1908-ல் வெளியிட்டார்.

99 உயிர்கள், கொஞ்சம் பெயின்ட்

முதல் உலகப் போரில் சண்டையிட்டுக் காயம்பட்ட ஹால்டேன், பிறகு கேம்பிரிட்ஜிலும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் பணியாற்றினார். அவரைக் கடல் பக்கம் மறுபடி இழுத்தது ஒரு விபத்து.

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடாவில் ‘தீட்டிஸ்’ என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கியது. டார்பிடோ குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் துளை உண்டு. அதைப் பெயின்ட் அடைத்திருந்தது. தண்ணீர் இல்லை என்று நினைத்து உள்கதவைத் திறந்தபோது கடல் உள்ளே புகுந்தது. 99 பேர் இறந்தார்கள், நான்கு பேர்தான் தப்பித்தார்கள்.

இறந்தவர்களில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களும் இருந்தார்கள். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கண்டறியத் தொழிற்சங்கங்கள் ஹால்டேனை அணுகின. அவர் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, இரும்பு அறை ஒன்றில் அடைபட்டு உட்கார்ந்தார். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூச்சு வாங்கியது, தலைவலி, வாந்தி. கப்பலில் சிக்கியவர்கள் எந்த நிலையில் தப்ப முயன்றிருப்பார்கள் என்பது அந்த அறையில்தான் புரிந்தது.

வலிப்பு வரும்வரை சுவாசி

பிறகு கடற்படையே அவரைத் தேடி வந்தது. ஆக்சிஜன் அதிக அழுத்தத்தில் வலிப்பை உண்டாக்கும் என்று பிரான்சின் பால் பெர்ட் 1878-லேயே எழுதியிருந்தார். ஆனால் மனிதனுக்கு எந்த ஆழத்தில், எவ்வளவு நேரத்தில்? போர்க்காலத்தில் ஆக்சிஜன் கருவியோடு வீரர்களைக் கடலில் இறக்கும்போது இது தெரிந்தே ஆக வேண்டும். தரையில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் வந்தால் வாயிலிருக்கும் குழாய் நழுவும், அடுத்தது மரணம்தான்.

எலியும் ஆடும் தான் என்ன உணர்கிறோம் என்று சொல்லாது. அதனால் ஹால்டேனே அழுத்த அறைக்குள் போனார். பின்னாளில் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வே உட்பட சக ஆய்வாளர்களும் மாறி மாறி உள்ளே போனார்கள். அப்படி வந்த ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்புக் கட்டைகள் நசுங்கின. அந்த வலி அவரோடேயே தங்கிவிட்டது. வேறு சோதனைகளில் செவிப்பறை கிழிந்தது.

கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட் 1942 முதல் நடத்திய ஏராளமான சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. ஆக்சிஜனைத் தாங்கும் சக்தி ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். இன்று தூய ஆக்சிஜனுக்குச் சுமார் 6 மீட்டர், 32 சதவீத நைட்ராக்ஸுக்குச் சுமார் 33 மீட்டர் என்று எல்லை வைத்திருப்பதன் பின்னணி இதுதான்.

சிலிண்டருக்கும் அதே பாடம்

அழுத்தத்தில் ஆக்சிஜன் குணம் மாறுவது உடம்போடு நிற்பதில்லை. 32 சதவீத நைட்ராக்ஸ் நிரப்ப ஒரு பரவலான வழி, காலி சிலிண்டரில் முதலில் தூய ஆக்சிஜனை ஏற்றுவது. 200 பார் சிலிண்டர் என்றால் சுமார் 28 பார். அதற்கு மேல் காற்றை ஏற்றுவார்கள். அதாவது, கடைசியில் கிடைப்பது 32 சதவீதம்தான் என்றாலும், நடுவில் அந்த சிலிண்டரும் வால்வும் தூய ஆக்சிஜனைச் சந்திக்கின்றன.

அப்போது உள்ளே கொஞ்சம் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அது எரிபொருள் ஆகிவிடும். வால்வைப் படாரென்று திறந்தால் வாயு திடீரென அமுங்கிச் சூடேறும். தீப்பொறியே இல்லாமல் தீப்பிடிக்க அது போதும்.

அதனால்தான் வால்வை முழுசாகப் பிரித்து, சோப்புக் கரைசலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நன்றாக அலசி, எண்ணெய் கலக்காத காற்றில் உலர்த்துகிறார்கள். புற ஊதா விளக்கடியிலும் பார்ப்பார்கள். ஆனால் எல்லா எண்ணெயும் அதில் ஒளிராது, விளக்கை மட்டும் நம்ப முடியாது. ரப்பர் வளையங்களையும் கிரீஸையும் ஆக்சிஜனுக்கு ஏற்ற வகைக்கு மாற்றுகிறார்கள். மேலே நிரப்பும் காற்றில் எண்ணெய் இருந்தால் செய்த சுத்தம் அத்தனையும் வீண்.

கடைசி வரை சோதனைக்கே

ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேட்டி, ஜிப்பாவுக்கு மாறினார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1962-ல் புவனேஸ்வருக்குப் போனார். புற்றுநோய் வந்தபோது அதைக் கிண்டலடித்துக் கவிதை எழுதினார். 1964 டிசம்பர் 1-ல் இறந்தார். அவர் விருப்பப்படியே உடல் ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

தீட்டிஸை மூழ்கடித்தது ஒரு துளையை அடைத்த பெயின்ட். வால்வில் துடைக்காமல் விட்ட கிரீஸும் அதே அளவுதான் இருக்கும். பச்சை, மஞ்சள் பட்டை ஒட்டிய சிலிண்டரைக் கையில் வாங்கும்போது, எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டால் போதாது. ஆக்சிஜனுக்கு ஏற்றபடி எப்போது சுத்தம் செய்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.