ஆல்பிரெட் பினே

ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் பாடங் கேட்கும் மாணாக்கருள் ஒருவன் அதனை உடனே பற்றிக்கொள்கிறான். மற்றொருவன் பன்முறை கேட்டும் தடுமாறுகிறான். இவ்வேறுபாடு பிறப்பினால் வருவதா, வளர்ப்பினால் வருவதா, பயிற்சியால் மாறக்கூடியதா என்பது பழைய வினா. அதற்கு ஊகத்தால் விடை கூறாமல், பள்ளிக்கூடங்களுக்கே சென்று சிறுவர்களுடன் அமர்ந்து ஆராய்ந்தவர் பிரெஞ்சு உளநூல் அறிஞர் ஆல்பிரெட் பினே.

பினே 1857-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள நீசு நகரில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் சார்டீனிய அரசைச் சேர்ந்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்தே பிரான்சுடன் இணைந்தது. தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியக் கலையில் வல்லவர். அவ்விருவரும் பிரிந்து வாழ்ந்தமையால் பினே தாயாரிடமே வளர்ந்தார். பாரிசு நகரில் பயின்று 1878-இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். அத்தொழிலில் அவர் உள்ளம் ஈடுபடவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி அதனையும் இடையில் விட்டார். பின்பு பாரிசுத் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளநூல்களைத் தாமே கற்கலானார்.

அவர் இளைஞராய் இருந்தபொழுது, தேர்வு நடத்திய ஆசிரியர் ஒருவர் அவர் கூறிய விடையொன்றால் வெறுப்புற்று, தத்துவம் பயிலுதற்குரிய அறிவு அவருக்கு ஒருகாலும் வாய்க்காது என்று கூறிவிட்டார். ஒருகாலும் என்ற அச்சொல் பினேயின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஒருவனுடைய எதிர்காலம் முழுவதையும் ஒரு விடையைக் கொண்டு முடிவு கட்டுவதற்கு யாருக்கு உரிமை உண்டு? முதுமையை எட்டும் வேளையிலும் அவர் இந்நிகழ்ச்சியை மறவாமல் தம் நூலில் எழுதினார்.

அவருடைய முதல் ஆராய்ச்சிகள் தோல்வியில் முடிந்தன. சால்பெத்ரியேர் மருத்துவமனையில் புகழ்பெற்ற மருத்துவர் சார்க்கோவின்கீழ் அவர் பணியாற்றினார். அங்கு நோயாளிகளை அறிதுயிலில் ஆழ்த்திக் காந்தத்தைக் கொண்டு அவர்கள் உடலிலும் உணர்ச்சியிலும் மாறுதல்களை உண்டாக்கலாம் என்று தாமும் தம் தோழர் ஒருவரும் கண்டதாக வெளியிட்டார். பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்பெஃப் இதனை மறுத்தார். ஆய்வாளர் எதனை எதிர்பார்க்கின்றார் என்பதை நோயாளிகள் அறிந்து அவ்வாறே நடந்துகொண்டனர். காந்தத்தில் ஆற்றல் ஏதுமில்லை என்று அவர் மெய்ப்பித்தார். பினே சில காலம் வாதாடினார். பின்னர்த் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆராய்பவனுடைய எதிர்பார்ப்பே ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும் என்னும் இவ்வுண்மையை அவர் பின்னர் என்றும் மறந்ததில்லை.

மருத்துவமனையை விட்டு நீங்கிய காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் அவர் வீடே. மதலேன், அலீஸ் என்னும் தம் பெண்மக்கள் இருவரும் வளர்வதை அவர் நாள்தோறும் உற்றுநோக்கிக் குறித்துவைத்தார். நடை பழகும் பருவத்தில் மூத்தவள் பற்றிக்கொள்ளத்தக்க நாற்காலி அருகிலிருந்தால்தான் அடியெடுத்து வைப்பாள். இளையவளோ எதனையும் எண்ணாமல் அறையின் நடுவே தள்ளாடிச் செல்வாள். ஒரு வீட்டில் ஒரே பெற்றோரிடம் வளர்ந்த இருவர் எண்ணும் முறையிலும் இத்துணை வேறுபட்டிருந்தது அவருக்கு வியப்பளித்தது. அறிவு என்பது ஒரே கோலால் அளக்கத்தக்க ஒரு பொருளன்று என்ற கருத்து இங்கே தோன்றியது. இவ்வாராய்ச்சியை 1903-இல் நூலாக வெளியிட்டார்.

1891-இல் சார்போன் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து 1894-இல் அதன் தலைவரானார். அங்கே அவர் ஊதியமின்றி உழைத்தார். பேராசிரியர் பதவியை நாடியும் பாரிசில் அது அவருக்குக் கிட்டவில்லை. அக்காலத்தில், பெரிய எண்களை மனத்தாலேயே பெருக்கிக் காட்டிய இனோடி என்பவரை ஆராய்ந்தார். இனோடி இளமையில் ஆடு மேய்த்தவர். அவருக்கு இணையாகப் பாரிசின் பெரிய கடையொன்றில் பணம் பெற்றுக் கணக்கிடும் பணியாளர்களை அழைத்துவந்து பினே சோதித்தார். சிறிய பெருக்கல்களில் அவர்கள் அவ்வியத்தகு மனிதரையும் விஞ்சினர்! நாள் முழுவதும் கணக்கிட்ட பழக்கம் அவர்களுக்கு அவ்விரைவைத் தந்திருந்தது. எண்கள் பெரியனவானபோதுதான் இனோடியின் நினைவாற்றல் முன்னின்றது.

தலையின் அளவுக்கேற்ப அறிவு அமையும் என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். பினேயும் அவ்வாறே கருதி, ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த கூர்மதியினர், மந்தமதியினர் ஆகிய இருதிறத்து மாணாக்கரின் தலைகளை அளந்தார். கிடைத்த வேறுபாடு மிகச் சிறிது. அதுவும் தம் கை தாம் விரும்பிய பக்கமே அளவுகோலைச் சாய்த்ததனால் வந்ததோ என ஐயுற்றார். காந்தம் கற்பித்த பாடம் இங்கே உதவியது. அவ்வழியை அவர் கைவிட்டார்.

பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வரவே, பாடத்தைத் தொடர இயலாதவர் யாவர் என்பது தெரிந்தது. அவர்களுக்கு ஏற்ற கல்வி யாது என ஆராய 1904-இல் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. பினே அதில் உறுப்பினர். அத்தகைய சிறுவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? மருத்துவருக்கு மருத்துவர் தீர்ப்பு மாறியது. அடங்காத பிள்ளையை அகற்ற விரும்பிய ஆசிரியர் அவனை மந்தன் என்று கூறிவிடவும் கூடும். சோம்பலா, செவிக்குறையா, பசியா, அறிவுக்குறையா என்று பிரித்தறியாமல் ஒரு சிறுவனைத் தனிப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் வாழ்வே திசைமாறிவிடும்.

இதற்காக அவரும் இளைய மருத்துவர் தியோடர் சிமோனும் சேர்ந்து 1905-இல் முப்பது சோதனைகளை அமைத்தனர். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்தல் முதலாக, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், எடைகளை ஒப்பிடுதல், மூன்று சொற்களைக் கொண்டு ஒரு வாக்கியம் அமைத்தல் என அவை படிப்படியாகக் கடினமாயின. பள்ளிப் பாடத்தை ஒப்புவித்தல் அவற்றில் இல்லை. பாரிசில் ஏழை மக்கள் வாழும் பகுதிப் பள்ளிகளில் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளைச் சோதித்து, 1908-இல் மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரை வயதுக்கேற்ப அச்சோதனைகளை வகுத்தனர்.

பினே அத்துடன் நிற்கவில்லை. பின்தங்கிய குழந்தைகளுக்குத் தனி வகுப்புகள் ஏற்படுத்தச் செய்தார். எழுத்தும் கணக்கும் கற்பிக்குமுன் கவனத்தைப் பழக்கவேண்டும் என்றார். சிலைபோல் அசையாது நிற்றல், நீர் நிறைந்த கோப்பையைச் சிந்தாமல் ஏந்திச் செல்லுதல், சில நொடிகள் மட்டும் காட்டிய பொருள்களை நினைவிலிருந்து கூறுதல் ஆகிய விளையாட்டுகள் அங்கே நடைபெற்றன. வகுப்பைக் காணவந்த சட்டமன்ற உறுப்பினர் சிலர் கடைசி விளையாட்டைத் தாமும் ஆடிப்பார்த்தனர். அவர்கள் நினைவுகூர்ந்தவை அக்குழந்தைகள் கூறியவற்றினும் குறைவு!

தம் சோதனையின் குறையையும் அவர் அறிந்திருந்தார். பிரசெல்சு நகரில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில் அதே சோதனைகள் நடத்தப்பட்டபொழுது, அவர்கள் பாரிசு ஏழைக் குழந்தைகளைவிட மிகவும் முன்னின்றனர். வீட்டில் வழங்கும் மொழி, கேட்ட பேச்சு, பள்ளிப் பழக்கம் ஆகியன விடையில் கலந்திருத்தலை இது காட்டியது. ஆகவே கிடைத்த எண்ணைக் குழந்தையின் மாறாத இயல்பாகக் கொள்ளலாகாது என வற்புறுத்தினார். 1909-இல் வெளியிட்ட நூலில் குழந்தைகளின் உடல்நிலை, பார்வை, செவிப்புலன் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். கரும்பலகை தெரியாத சிறுவனை அறிவிலி என்று தண்டித்தல் கொடுமையன்றோ!

1911-ஆம் ஆண்டு தம் அளவையை மீண்டும் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார்.

அவர் மறைந்தபின் அவ்வளவை கடல் கடந்து வேறு வடிவம் கொண்டது. செருமானிய அறிஞர் ஸ்டெர்ன் 1912-இல் மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். நுண்ணறிவு ஈவு என்னும் ஒற்றை எண் பிறந்தது. அமெரிக்காவில் டெர்மன் 1916-இல் அச்சோதனையை விரித்தமைத்தார். முதல் உலகப்போரில் ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்கள் இவ்வகைச் சோதனைகளுக்கு உட்பட்டனர். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது என்று நம்பியோர், உதவிக்காக ஏற்பட்ட கருவியைக் கொண்டு மக்களைத் தரம்பிரித்து ஒதுக்கினர். அறிவு குறைந்தோர் எனப்பட்டவர்க்கு மக்கட்பேறு இல்லாதபடி அறுவை செய்யும் சட்டங்களும் அங்கே சில மாநிலங்களில் இருந்தன. 1961 வரை வாழ்ந்த சிமோன், ஒற்றை எண்ணாக்கியது தம் நோக்கத்திற்கே இழைத்த துரோகம் என்று வருந்தினார்.

பினேயின் கருத்து மீண்டும் ஆராயப்பட்டது. அமெரிக்கரின் சோதனை மதிப்பெண்கள் 1932-க்கும் 1978-க்கும் இடையே ஏறத்தாழப் பதினான்கு புள்ளிகள் உயர்ந்திருந்தன என 1984-இல் பிளின் என்பார் காட்டினார். ஒரு தலைமுறையில் பிறப்பியல்பு அவ்வளவு மாறிவிடாது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஒருங்கு சேர்த்து 2018-இல் வெளிவந்த கட்டுரையொன்று, பள்ளியில் கூடுதலாகப் பயிலும் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண்ணை ஒன்று முதல் ஐந்து புள்ளிகள் வரை உயர்த்துவதாகக் கண்டது.