புரத வடிவம் கண்ட பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

போடிநாயக்கனூர், சிலமலை வட்டாரத்திற்கு ஏலக்காய் வாழ்வளிப்பது. அச்செடியின் இலைகளில் வெளிர்க்கோடுகளைப் படரச் செய்து விளைச்சலைக் குலைக்கும் கட்டே நோயை நம் தோட்டக்காரர்கள் நன்கறிவர். அந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். மரபுப்பொருளைப் புரத உறை போர்த்தியிருப்பதே அதன் உடல். புரத மூலக்கூறுகள் ஒன்றுகூடி உறையாக அமைய வேண்டுமாயின், ஒவ்வொரு மூலக்கூறும் உரியவாறு மடங்கியிருத்தல் வேண்டும். அம்மடிப்பின் விதியைச் சென்னையில் இருந்தே கண்டுரைத்த இயற்பியலார் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

அவர் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். பெங்களூரில் மின்பொறியியல் பயிலச் சென்றவர், சர் சி. வி. இராமனின் மாணவராகி இயற்பியலுக்கு மாறினார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று மீண்டு, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தரும் புரதம் அது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் சமுதாயத்தார் பதனிடும் தோலின் உறுதியும் அதனாலேயே அமைகிறது. அருகிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் துணை நின்றது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் பிணைந்த அமைப்பு என அறிவித்தனர். மறு ஆண்டே அம்மூன்றும் கயிறு போல் முறுக்கேறியவை என விளக்கினர்.

இங்கிலாந்தில் கிரிக், ரிச் ஆகியோர் மறுப்புரைத்தனர். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பது அவர்கள் கூறிய குறை. இராமச்சந்திரன் அதனைப் பகையாகக் கொள்ளவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆய்வுப் பொருளாக்கினார். அறியப்பட்ட படிகங்களின் அளவுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். இரு சுழற்சிக் கோணங்களைக் கொண்டு, புரதச் சங்கிலி எவ்வாறு திரும்ப இயலும், எவ்வாறு இயலாது எனக் காட்டும் வரைபடத்தை, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். மறுப்பிலிருந்து பிறந்த அவ்வரைபடம், கொலாஜன் ஆய்வினும் பெரும்புகழ் எய்தியது.

1971இல், உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவிக்கு உதவும் கணித முறையையும் அளித்தார். 1977இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு கிட்டவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார்.

2020இல் கொரோனா வைரஸின் புரத வடிவத்தைக் கண்டோரும் தம் முடிவை அவர் பெயர் தாங்கிய வரைபடத்தில் இட்டே சரிபார்த்தனர். இறைவன் படைப்பின் நுட்பத்தை அறியும் பணி எங்கிருந்தும் இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. குறை கூறப்படும்போது சோராது, அக்குறையையே ஆராயும் துணிவை மலையடிவார மாணவச் செல்வங்கள் அவரிடம் கற்பார்களாக.