மறதி நோயைக் கண்ட டாக்டர்

வயதானால் மறதி வருவது உண்டு. ஆனால் 51 வயதிலேயே தன் பெயரை எழுதத் தெரியாமல் விழித்தார், ஒரு பெண்மணி. அவருடைய மூளைக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்தவர், டாக்டர் அலோயிஸ் அல்சைமர். அவர் பெயரே இன்று அந்த நோயின் பெயராக விளங்குகிறது.

ஜெர்மனியில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில், 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி அல்சைமர் பிறந்தார். மருத்துவம் படித்துத் தேறி, 1888-ம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்தார். பகலில் நோயாளிகளைக் கவனிப்பார். மாலையில் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து விடுவார்.

துயர ஆண்டு

1901-ம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய மனைவி காலமானார். தாயில்லாத 3 குழந்தைகளுடன் அல்சைமர் தனித்து நின்றார்.

அதே ஆண்டு நவம்பரில் அகுஸ்தே என்ற பெண்மணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் ஒரு ரெயில்வே குமாஸ்தாவின் மனைவி. கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார். தட்டில் காலிபிளவரும் இறைச்சியும் இருக்க, கீரை சாப்பிடுவதாகச் சொன்னார். அல்சைமர் பொறுமையாகக் கேள்வி கேட்டு, ஒவ்வொரு பதிலையும் எழுதி வைத்தார்.

பிறகு அல்சைமர் மியூனிச் நகருக்குப் போனார். ஆனாலும் அந்த அம்மாளை மறக்கவில்லை. 1906-ம் ஆண்டு ஏப்ரலில் அகுஸ்தே இறந்தார். அவருடைய மூளை, ஆராய்ச்சிக்காக மியூனிச்சுக்கு வந்து சேர்ந்தது.

மூளை சுருங்கிப் போயிருந்தது. நரம்பு செல்களுக்கு வெளியே கறை போன்ற திட்டுகள்; உள்ளே சிக்குண்ட நூல்கள். நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் செல்களும் மாறிப் போயிருந்தன.

யாரும் கேட்கவில்லை

அந்த ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, டூபிங்கன் நகரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் அல்சைமர் இதை விளக்கினார். ஒருவர்கூட கேள்வி கேட்கவில்லை. 1910-ம் ஆண்டு கிரேப்பலின் என்ற பேராசிரியர்தான், தம் புத்தகத்தில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

1915-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி அல்சைமர் காலமானார். அப்போது அவருக்கும் வயது 51. பிராங்க்பர்ட்டில், மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இரும்பும் வீக்கமும்

அவர் விட்ட இடத்தில் இருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அவர் கண்ட திட்டுகளின் அருகே இரும்புச் சத்து சேர்ந்திருப்பது பின்னர் தெரிய வந்தது.

இரும்பு உடலுக்குத் தேவை. அது இல்லாமல் மூளையும் வேலை செய்யாது. ஆகவே செல்கள் இரும்பை ஒரு புரதத்துக்குள் பத்திரமாகப் பூட்டி வைக்கின்றன. அப்படிப் பூட்டாத இரும்பு மிகுந்தால் ஆபத்து. அரிவாளைத் துரு அரிப்பதுபோல, செல்லின் கொழுப்புச் சுவர் அரிபட்டு, செல் மடிகிறது. இப்படிப்பட்ட சாவுக்கு 2012-ம் ஆண்டு விஞ்ஞானிகள் தனிப் பெயரே வைத்தார்கள்.

மூளையில் காவல்கார செல்களும் உண்டு. குப்பையை அகற்றுவது அவற்றின் வேலை. புண்பட்ட இடம் வீங்கிச் சிவப்பதுபோல, அவையும் கிளர்ந்து எழுகின்றன. அந்தக் கிளர்ச்சி அடங்காவிட்டால், நல்ல செல்களும் பாழாகின்றன. வீக்கம் இரும்பைச் சேர்க்கிறது. சேர்ந்த இரும்பு வீக்கத்தை வளர்க்கிறது.

அப்படியானால் இரும்பை அகற்றிவிட்டால் போதுமா? இரும்பை அகற்றும் மருந்து ஒன்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் அறிவாற்றல் இன்னும் வேகமாகக் குறைந்தது. இந்த முடிவு 2024-ம் ஆண்டு வெளியாயிற்று. எனவே மறதிக்குப் பயந்து, கீரையையோ டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையோ யாரும் தாமாக நிறுத்தக்கூடாது.

இரும்பு நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் விளைவா? ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது. டூபிங்கனில் அன்று எழாத கேள்விகள், இன்று உலகெங்கும் எழுகின்றன.