யூதப் பேரறிஞர் மைமோனிடீஸ்

சமயமும் விஞ்ஞானமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியுமா? விஞ்ஞான மாணவர் விடுதிகளில் இவ்வினா எழாத வாரமில்லை. முடியாது என்று உறுதியாகச் சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களோடு வாதாட நான் முற்படவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை மட்டும் அவர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் மோசே பென் மைமோன். மேலை நாட்டார் அவரை மைமோனிடீஸ் என்பர்.

1138-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரில் அவர் பிறந்தார். தந்தை மைமோன் யூத சமூகத்தின் நீதிபதி, கற்றறிந்தவர். வானநூலும் மருத்துவமும் கணிதமும் தழைத்திருந்த நகரம் அது. 1148-இல் அல்மொகாத் மரபினர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அதைக் கைப்பற்றினர். மதம் மாறுவது, அன்றி ஊரைத் துறப்பது என்ற நிலை யூதர்களுக்கு ஏற்பட்டது. மைமோன் குடும்பம் பல ஊர்களில் அலைந்தது. மொராக்கோவின் பெஸ் நகரில் சில ஆண்டுகள் தங்கியது. 1165-இல் கடல் கடந்து பாலஸ்தீனக் கரையிலுள்ள அக்கோ துறைமுகத்தை அடைந்து, இறுதியில் எகிப்தில், கெய்ரோவை அடுத்த புஸ்தாத் நகரில் குடியேறியது.

இந்த அலைச்சலுக்கிடையே, தம் 23-ஆம் வயதில், யூதர்களின் பழஞ்சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவுக்கு அவர் உரையெழுதத் தொடங்கினார். எனக்கும் இன்று அதே வயதுதான். ஆகையால் இச்செய்தி என் உள்ளத்தைத் தனியே தொட்டது. கப்பலில் சென்றபோதும் எழுதினார். 30-ஆம் வயதில் முடித்தார். அவ்வுரையிலேதான் யூத சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளை 13 கோட்பாடுகளாக வகுத்தார். இறைவன் உளன், அவன் ஒருவனே, அவனுக்கு உடலில்லை, அவன் என்றும் உள்ளவன், வணங்கத்தக்கவன் அவன் ஒருவனே என்பவை முதல் ஐந்து. தீர்க்கதரிசனம், மோசேயின் தனிச்சிறப்பு, தோரா என்னும் மறை இறைவன் அளித்தது, அது மாறாதது என்பவை அடுத்த நான்கு. மனிதர் செயலை இறைவன் அறிவான், அதற்குரிய பயனை அளிப்பான், மெசியா வருவார், இறந்தோர் எழுவர் என்பவை எஞ்சிய நான்கு.

இந்நம்பிக்கை தோன்றிய வரலாற்றையும் அவர் எழுதியுள்ளார். பத்தாண்டுகள் உழைத்து, 14 பகுதிகளாக, எபிரேய மொழியில் இயற்றிய மிஷ்னே தோரா என்னும் சட்ட நூலில் அது இருக்கிறது. முன்னோர் விண்மீன்களை இறைவனின் ஏவலர் என்று போற்றத் தொடங்கி, நாளடைவில் இறைவனையே மறந்தனராம். ஊர் என்னும் நகரில் வாழ்ந்த ஆபிரகாம் ஆசிரியர் துணையின்றிச் சிந்தித்தார். வானம் ஓயாது சுழல்கிறதே, சுழற்றுவோன் இன்றி அது எவ்வாறு இயலும் என்று இரவும் பகலும் எண்ணி, ஒரே இறைவனை உணர்ந்தார். பின்னர் அவர் வழிவந்தோர் எகிப்தில் அடிமைப்பட்டு மீண்டும் சிலைகளை வணங்கியபோது, மோசே தோன்றி அவர்களை மீட்டார். மைமோனிடீஸ் கண்ட ஆபிரகாம், கேள்வி கேட்டே கடவுளை அடைந்தவர் என்பதை நண்பர்கள் கருத வேண்டும்.

அவருக்குத் தாவீது என்றொரு தம்பி இருந்தார். மணி வணிகம் செய்து அண்ணனின் கல்விக்குத் துணை நின்றவர் அவர். செங்கடல் துறையான ஐதாபிலிருந்து, தாம் இந்தியாவுக்குச் செல்வதாகவும் வீட்டாரைத் தேற்றும்படியும் அண்ணனுக்கு எழுதினார். அக்கடிதம் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தம்பி திரும்பவில்லை, நம் இந்துமாக்கடலில் கப்பலோடு மூழ்கினார். பெருஞ்செல்வமும் உடன் போயிற்று. மைமோனிடீஸ் ஏறக்குறைய ஓராண்டு நோய்ப்படுக்கையில் கிடந்தார். தம்பியின் மனைவியையும் சிறுமகளையும் காக்கும் கடமை அவர் மேல் வந்தது. மறையைக் கற்பித்துப் பொருளீட்டுவது தகாது என்பது அவர் கொள்கை. எனவே மருத்துவத் தொழிலால் வாழ்ந்தார்; சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-பாதிலுக்கு மருத்துவரானார்.

1199-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தம் அன்றாட வாழ்வை அவரே விவரிக்கிறார். காலையில் கெய்ரோ அரண்மனை. பிற்பகலில் பசியோடு வீடு. அங்கே யூதரும் பிறரும், நண்பரும் பகைவரும் முற்றம் நிறையக் காத்திருப்பர். நாளில் ஒரே வேளை உணவு. இரவானதும் களைப்பால் படுத்தபடியே மருந்து சொல்வார்.

இவ்வளவு வேலைக்கிடையே அறிவுக்கும் மறைக்கும் இடையே தவிப்போருக்காக, குழம்பியோர்க்கு வழிகாட்டி என்னும் நூலை எபிரேய எழுத்தில், அரபு மொழியில் எழுதினார். உலகம் அனாதி என்று அரிஸ்டாட்டில் கூறியதை அவர் ஏற்கவில்லை. ஆனால் அது ஐயமற நிறுவப்பட்டிருந்தால், மறைக்கு வேறு பொருள் கொள்வது கடினமன்று என்றும் எழுதினார். சோதிடத்தை வன்மையாக மறுத்தார். முன்னோர் போர்க்கலை பயிலாமல் விண்மீன் பலனை நம்பியதாலேயே நாடும் ஆலயமும் அழிந்தன என்று தென் பிரான்சு அறிஞர்களுக்குத் துணிந்து எழுதினார்.

1204-இல் அவர் மறைந்தார். திபேரியா நகரில் அவர் கல்லறை இருப்பதாக யூதர் போற்றி வருகின்றனர்.

அவருடைய வானநூலை இன்றைய விஞ்ஞானம் கடந்துவிட்டது. அவருடைய 13 கோட்பாடுகளை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் நிறுவப்பட்ட உண்மைக்கு அஞ்சாத நம்பிக்கை ஒன்று இருக்க முடியும் என்று அவர் வாழ்ந்து காட்டினார். விடுதி விவாதங்களில் நண்பர்கள் அவரையும் ஒரு சாட்சியாகக் கொள்ள வேண்டுகிறேன்.