கல்லின் உள்ளே நோக்கிய ஹூக்

அகேட்டு என்னும் கல்லை அறுத்து மெருகிட்டு ஒளிக்கு நேரே பிடித்தால், சிலவற்றுள் பசும்பாசி படர்ந்தது போலவும், பெரணியின் இலை விரிந்தது போலவும் உருவங்கள் தோன்றும். காண்பார் பலரும் அவற்றைப் பண்டைக்காலத்துச் செடியென்றே துணிவர். வேறு சில கற்களோ புறத்தே அழகேதுமின்றி, உளுத்த கட்டைபோற் கிடக்கும். அவையே ஒருகாலத்து உயிருடன் நின்ற மரங்களாயிருக்கும். இவற்றுள் மெய்யான செடி எது, செடிபோலத் தோன்றும் கல் எது என்று பிரித்தறியும் வழியைக் காட்டிய முன்னோருள் ஒருவர் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹூக் 1635-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ஒயிட்டுத் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் உதவிக் குரு. மகனோ நோயுடம்பினர், ஆயினும் கைத்திறன் மிக்கவர். பித்தளைக் கடிகாரம் ஒன்று பிரிக்கப்படுவதைக் கண்டு, அதுபோல் மரத்தால் ஒன்று செய்து ஓடவிட்டாராம். அத்தீவின் கடலோரப் பாறைகளில், அலை எட்டாத உயரத்தில், சிப்பியோடுகள் பதிந்திருந்த அடுக்கு ஒன்றை அவர் கண்டிருந்தார். கடலில் வாழும் சிப்பி பாறையின் நடுவே வந்தது எங்ஙனம் என்னும் வினா பின்னாளில் அவர் சொற்பொழிவுகளில் இடம்பெற்றது.

1648-இல் தந்தையார் இறந்தார். அவர் விட்டுச்சென்ற 40 பவுன் பொருளோடு சிறுவர் இலண்டன் சேர்ந்து, வெஸ்ட்மினிஸ்டர்ப் பள்ளியிற் பயின்று, பின் ஆக்ஸ்போர்டு புகுந்தார். ஆங்கு இராபர்ட் பாயில் என்னும் பேரறிஞருக்கு உதவியாளராகிக் காற்றுவாங்கும் பொறியை அமைத்துக்கொடுத்தார். 1662-இல் இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகம், கூட்டந்தோறும் சோதனைகள் நடத்திக்காட்டும் பொறுப்பை அவருக்கு அளித்தது.

1665-இல் ‘மைக்ரோகிராபியா’ என்னும் அவருடைய பெருநூல் வெளிவந்தது. உருப்பெருக்குங் கண்ணாடியின் வாயிலாகத் தாம் கண்ட ஈ, தெள்ளு, பூஞ்சை முதலியவற்றை அதிற் படத்துடன் விளக்கினார். நம் பொருளுக்கு இயைந்தவை அந்நூலில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று பகுதிகளாம்: 16-ஆவது மரக்கரி, 17-ஆவது கல்லான மரம், 18-ஆவது தக்கை. தக்கையில் நிரல்பட நின்ற நுண்ணறைகளைக் கண்டு அவர் இட்ட ‘செல்’ என்னும் பெயரே இன்றும் உயிர்நூலில் வழங்குகின்றது.

இவ்வரிசையில் கல்மரத்தை அவர் ஆராய்ந்த முறை போற்றத்தக்கது. கையிலுள்ள துண்டு நீரிலும் மிகக் கனமானது, சிக்கிமுக்கிக் கல்லைப்போற் கடினமானது, மரம்போல் எரியாதது. ஆகவே, பொருளால் அது கல்லே. ஆனால் உருப்பெருக்கியின்கீழ் வைத்து, மரக்கரியோடும் உளுத்த மரத்தோடும் ஒப்பிட்டபோது, மரத்துக்குரிய நுண்டுளைகள் அதனுள்ளும் நிரல்பட அமைந்திருக்கக் கண்டார். கல்லின் நுண்பொருள் கலந்த நீரில் மரம் நெடுங்காலம் ஊறிக்கிடக்க, அப்பொருள் அதன் துளைகளிற் புகுந்து நிரம்பிற்று என்று முடிவுகட்டினார்.

அந்நூலிலேயே 14-ஆவது பகுதி உறைபனியின் உருவங்களைப் பற்றியது. உறைந்த நீர்மங்களின் பரப்பில் பெரணியிலை போலக் கிளையும் கிளைக்குட் கிளையுமாகப் படர்ந்த கோலங்களை அவர் வரைந்துகாட்டினார். ஆங்குச் செடியுமில்லை, விதையுமில்லை. உறைதலென்னும் செயலே அவ்வுருவைத் தந்தது. செடியின் வடிவமுடையதெல்லாம் செடியன்று என்பதற்கும், கல்லின் வன்மையுடையதெல்லாம் வெறுங்கல்லன்று என்பதற்கும் ஒரே நூலில் இவ்வாறு சான்று கிடைத்தது.

அந்நாளில் இஃது எளிய செய்தியன்று. கல்லிற் காணும் சிப்பியும் இலையும் இயற்கையின் விளையாட்டேயன்றி உயிர்களின் எச்சமல்ல என்பாரே மிகப் பலர். 1671-இல் மார்ட்டின் லிஸ்டர் என்னும் சிப்பியியல் வல்லுநரும் அவ்வாறே வாதித்தார். கல்லிற் கிடைப்பன சிலவற்றுக்கு ஒப்பான உயிர்கள் இன்று எங்குமில்லையே என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அவ்வினங்கள் அழிந்தொழிந்திருக்கலாம் என்று ஹூக் விடை பகர்ந்தார். இறைவன் படைத்த ஓரினம் முற்றும் அழியுமென்பது அக்காலத்துப் பலருக்கு உடன்பாடன்று. குருவின் மகனாகிய ஹூக்கோ கண்ட சான்றைக் கைவிட்டாரல்லர். நிலநடுக்கங்களாற் கடலடி உயர்ந்து நிலமாயிற்று என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொற்பொழிவாற்றி வந்தார்.

1666-இல் இலண்டனைப் பெருந்தீ அழித்தபின், நகரை மீண்டும் அளந்து கட்டுவிக்கும் பணியும் அவர் தோள்மேல் விழுந்தது. பணிகள் பெருகப் பெருக எடுத்தவற்றுட் பலவும் முற்றுப்பெறாது நின்றன. ஈர்ப்புவிதியில் தம் பங்கு ஒப்பப்படவில்லையெனக் கருதி நியூட்டனோடு மாறுபட்டார். நுண்பொருள் கண்ட கண்களும் இறுதியில் ஒளியிழந்தன. 1703-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் மணவாத் தனியராய்க் காலமானார். அவர் உருவமென்று ஐயமின்றிக் கூறத்தக்க படம் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. நிலநடுக்கச் சொற்பொழிவுகளும் 1705-இலேதான் நூலாயின. ஆசிரியர் அதனைக் கண்டிலர்.

உருவம் மறைந்தும் முறை மறையவில்லை. எடின்பரோவில் வில்லியம் நிக்கல் கல்மரத்தை ஒளி புகும் மென்றகடாகத் தேய்த்தெடுத்து ஆராய்ந்தார். ஹென்றி விதம் 1831-இல் அவ்வாராய்ச்சி முறையை நூலில் வெளியிட்டார். இன்று கல்லை 0.03 மில்லிமீட்டர்த் தகடாக்கி நோக்குகின்றனர். கல்மரமாயின் அறைகளின் சுவர்களும், பல மரங்களில் ஆண்டுவளையங்களும் அங்கே தெரியும். பாசியகேட்டிலோ அறையுமில்லை, நரம்புமில்லை. இரும்பு, மாங்கனீசு முதலியவற்றின் கனிமங்கள் சிலிகாவினூடே கிளைத்துப் பரந்த கோலமே உண்டு. அஃது ஹூக் வரைந்த உறைபனிப் பெரணிக்கு உறவேயன்றி, காட்டுப் பெரணிக்கு உறவன்று.

தமிழ் பயிலும் நமக்கும் இம்முறை புறம்பானதன்று. ஆங்கிலத்து ‘ஒன்’ நம் ‘ஒன்று’ போல ஒலித்தலின் இரண்டும் ஓரினமென்பார் உளர். அவ்வாங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தை நோக்கின், அஃது இலத்தீனத்து ‘ஊனுஸ்’ என்பதன் இனமே என விளங்கும். கல்லாயினும் சொல்லாயினும் புறத்தோற்றம் வினாவை எழுப்பும். உள்ளமைப்பே விடையைத் தரும். விடை வரும்வரை ஆசையை அடக்கிப் பொறுத்திருந்து நோக்கும் பழக்கமே ஹூக் நமக்கு வைத்துச்சென்ற செல்வம்.