படத்தின் பெயராகிப்போன மனிதர்

அமினோ அமிலத்தின் அமைப்பை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நடுவில் ஒரு கார்பன் அணு. அதன் நான்கு கைகளில் ஒன்றில் அமினோ தொகுதி, மற்றொன்றில் கார்பாக்சில் தொகுதி, மூன்றாவதில் ஹைட்ரஜன். நான்காவது கையில் உள்ளதுதான் அமிலத்துக்கு அமிலம் மாறும். கிளைசினில் அங்கும் ஹைட்ரஜன், அலனினில் மீத்தைல். இந்தப் படத்தை 'ஃபிஷர் வரைபடம்' என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஃபிஷர் யார் என்று சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வுபெற்ற பிறகே அவரைத் தேடிப் படித்தேன்.

எமில் ஃபிஷர் 1852-இல் ஜெர்மனியில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்தவர். மகனுக்கு வணிகம் வராது என்று கண்ட பிறகே தந்தை அவரைப் படிக்க அனுப்பினார். 1875-இல் அவர் கண்டறிந்த ஃபீனைல்ஹைட்ரசீன், சர்க்கரைகளைப் பிரித்தறியும் திறவுகோலாயிற்று. அதன் நச்சு அவரது உடல்நலத்தையும் கெடுத்தது. சர்க்கரை, பியூரின் ஆய்வுகளுக்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதற்கு முன்பே, 1899-இல், அவர் கவனம் புரதத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அமினோ அமிலங்கள் பல அப்போதே அறியப்பட்டவைதாம். அவை புரதத்தில் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன என்பதே கேள்வி. ஓர் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து கைகோக்கின்றன என்றார் ஃபிஷர். அதுவே பெப்டைடு பிணைப்பு. 1902-இல் கார்ல்ஸ்பாட் மாநாட்டில் ஹோஃப்மைஸ்டரும் இதே கருத்தை முன்வைத்தார். ஆனால், ஃபிஷர் சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார்: 1907-இல் 15 கிளைசின், 3 லியூசின் என 18 கண்ணிகள் கொண்ட சங்கிலி!

அணுத்தொகுதிகளை வலப்புறம் எழுதுவதா, இடப்புறமா என்பதை அறிய அன்று வழியில்லை. சர்க்கரைக்கு ஃபிஷர் ஊகமாகவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தார். அந்த ஊகம் சரியே என்று 1951-இல்தான் எக்ஸ் கதிர் ஆய்வு மெய்ப்பித்தது.

அவருக்கு வாய்க்காதது குடும்ப சுகம். மணமான ஏழே ஆண்டுகளில், 1895-இல், மனைவி இறந்தார். 1914-இல் ஜெர்மனியின் போரை ஆதரித்த அறிஞர்கள் 93 பேரின் அறிக்கையில் ஃபிஷரும் கையொப்பமிட்டார். பின்னர் அதற்காக வருந்தினார். எனினும் அந்தப் போர்க்காலத்தில் அவர் தம் மூன்று மகன்களில் இருவரை இழந்தார். போர் முடிந்த மறு ஆண்டு, 1919 ஜூலையில், பெர்லினில் ஃபிஷரும் மறைந்தார்.

எஞ்சிய மகன் ஹெர்மன் தந்தையின் வழியிலேயே வேதியியலாளராகி, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எமில் ஃபிஷரின் கடிதங்களும் குறிப்புகளும் இன்று அங்குதான் இருக்கின்றன.