வானூர்தி ஓட்டிய வள்ளல்

செட்டிநாட்டின் சீர்மிகு நகரம் காரைக்குடி. அதனை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் அழகப்பச் செட்டியார் பிறந்தார். வணிகக் குடியில் தோன்றிய அவர் கல்வியிலும் பெருவிருப்புடையவராய் விளங்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று, இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனை அடுத்த கிராய்டனில் வானூர்தி ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். தாயகம் திரும்பியபின் நெசவாலை நடத்தினார். ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் வானூர்தி நிறுவனத்தையும் தோற்றுவித்தார். அந்நிறுவனம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருடைய ஈகையோ நிலைத்தது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் அரசு அறிவியல் ஆய்வகங்கள் பல அமைக்க முனைந்தது. அவற்றுள் ஒன்று காரைக்குடியில் அமைதல் வேண்டும் என விழைந்த அழகப்பர், 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆகும்.

உலோகங்கள் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழிகளை ஆராய்வது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றுப்பட உலோகத் தகடுகளை வைத்தும் அவ்வாய்வகத்தார் ஆராய்கின்றனர். இப்பணியின் அருமையை அழகப்பர் விரும்பிய வானூர்தியைக் கொண்டே உணரலாம். இக்கால ஜெட் எஞ்சினுள், காற்றை ஈர்த்து அழுத்தும் தகடுகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. ஓடுபாதையின் சிறுகல் பட்டாலும், உப்புக்காற்று அரித்தாலும் தகட்டில் வடு உண்டாகும். கடுவேகத்தில் சுழலுங்கால் அவ்வடுவே பிளவாக விரியக்கூடும். முறிந்த ஒரு தகடு பின்னுள்ள பலவற்றையும் சிதைத்துவிடும். ஆதலால் பொறிவல்லார் மெல்லிய அகநோக்கிக் கருவியை எஞ்சினுள் செலுத்தித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். வடுவின் ஆழம் வரையறைக்கு உட்பட்டதாயின் தேய்த்துச் சீராக்குவர். மிகுந்ததாயின் தகட்டையே மாற்றுவர். பயணியர் உயிர் அவர்தம் விழிப்பில் அடங்கியுள்ளது. அவ்வடு தோன்றாவண்ணம் உலோகத்தை முன்னரே காக்கும் வழியைத் தேடுவது ஆய்வாளர் கடமை.

அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். சென்னைக் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி அமையவும் பொருளுதவினார். பெண்கள் கல்விக்குத் தம் இல்லத்தையே ஈந்தார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1957 ஏப்பிரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னர் இயற்கை எய்தினார். அவர் நட்ட கல்வி விதை தழைத்து, 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமாயிற்று.

காவாத இரும்பைத் துரு தின்னும். பூட்டி வைத்த செல்வமும் பயனின்றி அழியும். கல்விக்கு ஈந்த பொருளோ தேய்வதில்லை. அழகப்பர் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.